பத்தொன்பது அஞ்சல் பெட்டிகள் நிரம்பிவிட்டன: இடம் வாங்குவதா, இருப்பதைக் குறைப்பதா?

திருப்பூர் பின்னலாடை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் இயங்கும் ஒரு சிறிய பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் நான் பங்குதாரர். அலுவலக நிர்வாகம் என் பொறுப்பு. தையல் தளத்தை விட்டுவிட்டால், கணினி முன் அமர்ந்து வேலை செய்பவர்கள் பதினான்கு பேர்: வாடிக்கையாளரின் ஆர்டரைத் தொடக்கம் முதல் ஷிப்மென்ட் வரை கவனிக்கும் மெர்ச்சன்டைசர்கள் நால்வர், கணக்குப் பிரிவில் மூவர், ஏற்றுமதி ஆவணங்களுக்கு இருவர், கொள்முதலுக்கு இருவர், தரக் கட்டுப்பாட்டுக்கு ஒருவர், பணியாளர் பிரிவுக்கு ஒருவர், பிறகு நான். இவர்களுடைய முகவரிகளோடு ஆர்டர், கணக்கு, ஷிப்மென்ட், வேலைவாய்ப்பு, பொது விசாரணை என ஐந்து பொது முகவரிகளும் உண்டு. ஆக 19 பெட்டிகள். எங்கள் இணையதளம் இருக்கும் அதே ஹோஸ்டிங் கணக்கில், சிபேனல் என்னும் நிர்வாகப் பலகை வழியாக, பெட்டிக்கு 5 ஜிபி என்று ஒதுக்கியிருக்கிறோம். எல்லாரும் அவுட்லுக்கில் பாப் முறையில், அதாவது மடல்களைச் சர்வரிலிருந்து தம் கணினிக்கு இறக்கிப் படிக்கிறார்கள்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருவர் குழந்தைகள் டி-ஷர்ட்டுக்கான வாஷ்கேர் லேபிளில் பருத்தி, எலாஸ்டேன் விகிதத்தைத் திருத்திப் புதிய ஆர்ட்வொர்க்கை அனுப்பினார். அந்த ஸ்டைலைப் பார்க்கும் மெர்ச்சன்டைசரின் பெட்டி நிரம்பியிருந்ததால், 552 5.2.2 என்னும் பிழை எண்ணுடன் மடல் அனுப்பியவருக்கே திரும்பிப் போயிற்று. அவர்களுக்கு அது வார விடுமுறை. திரும்பிய மடலை அவர் பார்த்ததே திங்கட்கிழமைதான். இங்கே சனிக்கிழமையும் தையல் ஓடியது. பழைய லேபிளோடு தைத்த 2,400 உருப்படிகளில் லேபிளைப் பிரித்து, புதியதை வைத்து மறுபடி தைக்க நேர்ந்தது. கூலியைவிட, ஷிப்மென்ட் இரண்டு நாள் தள்ளிப்போனதுதான் எனக்கு வலித்தது.

இப்போது ஹோஸ்டிங் தருபவர் பெட்டிக்கு 10 ஜிபி ஆக்கிக்கொள்ளச் சொல்கிறார். வேறொரு முகவர் 19 பெட்டிகளையும் பெரிய மேகச் சேவைத் திட்டத்துக்கு மாற்றச் சொல்கிறார். என் பங்குதாரரோ, "ஒவ்வோர் ஆண்டும் இப்படித்தான் கேட்பீர்களா, கணினிக்கென்று மொத்தம் எவ்வளவு செலவாகிறது என்று ஒரு கணக்கைக் காட்டுங்கள்" என்கிறார். அவர் கேட்பது நியாயமே. டாலி கணக்கு மென்பொருளின் புதுப்பித்தல், ஆன்டிவைரஸ், யுபிஎஸ் பேட்டரி, பிரிண்டர் டோனர், சிசிடிவி எல்லாமே எங்கள் புத்தகத்தில் 'அலுவலகச் செலவு' என்ற ஒரே தலைப்பில் கிடக்கின்றன.

ஒரு மெர்ச்சன்டைசரின் கணினியில் உள்ள அவுட்லுக் கோப்பு மட்டும் 47 ஜிபி. எங்களைப் போன்ற நிறுவனத்துக்கு உண்மையில் எவ்வளவு இடம் தேவை, அதற்கு ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்குவது முறை என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

கோவை சிஸ்டம் நிர்வாகி

வணக்கம் ஐயா. கோவையில் பம்ப் உற்பத்தி, நூற்பாலை, மருத்துவமனை என்று பல சிறிய அலுவலகங்களின் அஞ்சலைப் பராமரிக்கிறேன். இடம் வாங்குவதைப் பற்றி முடிவு செய்யும் முன், முதலில் அந்த 47 ஜிபி கோப்பைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவுட்லுக் 2010 முதல், மடல்களைக் கணினியில் சேமிக்கும் பிஎஸ்டி கோப்பின் இயல்பான உச்சவரம்பு 50 ஜிபி. அதைத் தொட்டால் புதிய மடல் இறங்காது. உச்சவரம்பைத் தொடும் வரை காத்திருந்து சரிசெய்த இடங்களில் கோப்பு சிதைந்து, பழைய மடல்களில் ஒரு பகுதி மீளாமல் போனதை நேரில் பார்த்திருக்கிறேன். இன்றே அவுட்லுக்கை மூடிவிட்டு, அந்தக் கோப்பை வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல் எடுங்கள். பிறகு ஆண்டுவாரியாகத் தனித்தனி பிஎஸ்டிகளாகப் பிரியுங்கள். மடல்களை அழித்தாலோ வேறு கோப்புக்கு நகர்த்தினாலோ மட்டும் மூலக் கோப்பு உடனே சுருங்கிவிடாது. கோப்பின் அமைப்புகளில் உள்ள 'காம்பேக்ட் நவ்' பொத்தானை அழுத்திச் சுருக்குங்கள். பிஎஸ்டியைப் பொதுக் கணினியில் ஷேர் செய்து, வலைப்பின்னல் வழியாகத் திறந்து வேலை செய்யும் பழக்கம் இருந்தால் அதை உடனே நிறுத்துங்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அதை ஆதரிப்பதில்லை.

இனி, சர்வர் ஏன் நிரம்புகிறது என்பதைப் பார்ப்போம். பாப் முறையில், இறக்கிய மடலின் பிரதியைச் சர்வரில் விட்டுவைக்கலாமா என்று அவுட்லுக் கேட்கும். வழக்கமாக 14 நாளுக்குப் பின் நீக்கிவிடு என்று இருக்கும். யாரோ அந்த டிக்கை எடுத்துவிட்டால், வந்த மடல்கள் எல்லாம் ஆண்டுக்கணக்கில் சர்வரிலேயே கிடக்கும். உங்கள் 19 பெட்டிகளிலும் இதை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். என் அனுபவத்தில் நிரம்பும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இந்த ஒரு டிக்தான்.

அடுத்தது இணைப்புகள். மின்னஞ்சலில் ஒரு கோப்பை இணைக்கும்போது அது பேஸ்64 என்னும் முறையில் எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் பயணம் செய்கிறது. மூன்று பைட்டுகள் நான்கு எழுத்துகளாகின்றன. வரி முறிவுகளையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடும். உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர், ஆடையின் வடிவம், அளவு, துணி விவரங்கள் அடங்கிய 18 எம்பி டெக் பேக் ஒன்றை மெர்ச்சன்டைசருக்கு அனுப்பி, உங்களையும் தரக் கட்டுப்பாட்டையும் கொள்முதலையும் சிசியில் வைக்கிறார். சர்வரில் அது ஏறத்தாழ 25 எம்பி. நான்கு பெட்டிகளில் நான்கு பிரதிகள், ஆக 100 எம்பி. மெர்ச்சன்டைசர் அதைப் பிரிண்டிங் யூனிட்டுக்கும் லேபிள்காரருக்கும் ஃபார்வர்டு செய்தால், அவருடைய பிஎஸ்டியில் வந்தது ஒன்றும் அனுப்பியது இரண்டுமாக இன்னும் 54 எம்பி. இத்தனைக்கும் அது ஒரே கோப்பு. இப்படி ஒரு நாளில் எத்தனை மடல் வருகிறது என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். 5 ஜிபி பெட்டி இத்தகைய இருநூறு மடல்களுக்குத்தான் தாங்கும்.

கையொப்பத்தில் வைக்கும் லோகோவையும் கவனியுங்கள். பதில் எழுதும்போது இணைப்புகள் கழன்றுவிடும்; ஆனால் மடலின் உடலுக்குள் ஒட்டியிருக்கும் படங்கள் கழலாது. 300 கேபி லோகோ, நாற்பது முறை போய்வந்த உரையாடலில் நாற்பது முறை சேமிக்கப்படுகிறது. அதை 15 கேபி படமாகச் சுருக்க ஐந்து நிமிடம் போதும்.

ஹோஸ்டிங்கில் இன்னொரு வரம்பும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. சிபேனல் சர்வர்களில் ஒவ்வொரு மடலும் ஒரு தனிக் கோப்பு. மொத்தக் கோப்புகளின் எண்ணிக்கைக்கு, அதாவது ஐநோடுக்கு, ஹோஸ்டிங் நிறுவனங்கள் ஓர் உச்சவரம்பு வைத்திருப்பார்கள். ஜிபி மீதமிருந்தும் மடல் வரவில்லை என்றால் அதையும் பாருங்கள். 10 ஜிபியாக உயர்த்தினால் இந்தச் சிக்கல் தீராது.

---

சிவகாசி அச்சகம்

மேலே எழுதிய நண்பரின் விளக்கம் முழுக்கச் சரியானது. ஆயினும் துப்புரவைப் பற்றி என் அனுபவத்தை மாறுபட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்களுடையது ஆஃப்செட் அச்சகம். காலண்டர், லேபிள், அட்டைப்பெட்டி என்று வருகிற கோப்புகள் எல்லாமே கனமானவை. 2021-இல் உங்களுக்கு வந்த அதே நெருக்கடி எங்களுக்கும் வந்தது. செலவைத் தவிர்க்க வேண்டும் என்று, வேலை முடிந்தபின் தினமும் அரை மணி நேரம் ஒவ்வொருவரும் தம் பெட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். மூன்று மாதம் செய்தோம். ஒன்பது பேருடைய அரை மணி நேரம் என்பது நாளொன்றுக்கு நாலரை மணி நேரச் சம்பளம். அந்தப் பணத்துக்கு நல்ல திட்டத்தை ஓராண்டுக்கு மேல் வாங்கியிருக்கலாம். அதைவிட மோசமானது, டிசைனர் ஒருவர் கைதவறி, வாடிக்கையாளர் வண்ணத்தை ஒப்புக்கொண்ட மடலையே அழித்துவிட்டார். பின்னால் அந்த வண்ணம் தவறு என்று தகராறு வந்தபோது காட்டுவதற்கு எங்களிடம் எதுவும் இல்லை. முழு மறு அச்சும் எங்கள் தலையில் விழுந்தது.

ஆகவே, பழையதைப் பணியாளர்களின் கையால் அழிக்கச் சொல்லாதீர்கள். இடத்தை வாங்குங்கள். அழிக்க வேண்டிய நாள் வந்தால், முழுப் பிரதி எடுத்துவைத்தபின், பொறுப்பான ஒருவர் மட்டும் செய்யட்டும்.

ஆனால் 19 பெட்டிகளுக்கும் பணம் கட்டச் சொன்ன முகவரை நம்ப வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 365-இல் பொது முகவரிகளைப் பலருக்கும் பொதுவான பெட்டியாக, அதாவது ஷேர்டு மெயில்பாக்ஸ் ஆக வைத்தால் 50 ஜிபி வரை தனி உரிமம் தேவையில்லை. கூகுள் வொர்க்ஸ்பேஸில் அவற்றைக் குரூப்பாக உருவாக்கிப் பலர் சேர்ந்து பார்க்கலாம், அல்லது ஒருவரின் முகவரிக்கு மாற்றுப் பெயராகச் சேர்க்கலாம். ஒரு பயனருக்கு 30 மாற்றுப் பெயர்கள் வரை கூடுதல் கட்டணமின்றிக் கிடைக்கும். உங்கள் ஐந்து பொது முகவரிகளுக்கும் ஒரு காசு செலவில்லை.

---

ஈரோடு வரி ஆலோசகர்

அழிப்பதைப் பற்றிப் பேச்சு வந்ததால், எதை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதைத் தெளிவாக்க விரும்புகிறேன். ஏனெனில், இட அளவும் செலவும் இந்தக் காலக்கெடுவைப் பொறுத்தே அமையும்.

மத்திய சரக்கு, சேவை வரிச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, கணக்கேடுகளையும் பதிவுகளையும் அந்த ஆண்டுக்குரிய ஆண்டு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை வைத்திருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 2023-24 நிதியாண்டுக்கான ஆண்டு அறிக்கையின் கடைசி நாள் 2024 டிசம்பர் 31. ஆகவே அந்த ஆண்டின் பதிவுகள் 2030 டிசம்பர் 31 வரை கையில் இருக்க வேண்டும். மேல்முறையீடோ விசாரணையோ நடந்துகொண்டிருந்தால், அது இறுதியாக முடிந்ததிலிருந்து ஓராண்டு, அல்லது மேற்சொன்ன 72 மாதம், இவற்றில் எது பின்னதோ அதுவரை. உங்கள் நிறுவனம் கூட்டாண்மையாக இல்லாமல் பிரைவேட் லிமிடெட் ஆக இருந்தால், கம்பெனிகள் சட்டம் 2013-இன் 128(5) பிரிவு கணக்குப் புத்தகங்களை அவற்றுக்கு ஆதாரமான வவுச்சர்களோடு எட்டு நிதியாண்டுகளுக்கு வைத்திருக்கச் சொல்கிறது.

இதனால் எல்லா மடல்களையும் எட்டு ஆண்டு காக்க வேண்டும் என்று பொருளல்ல. வாடிக்கையாளரின் பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங், வங்கி ஆவணங்கள், விலை ஒப்புதல், சாம்பிள் ஒப்புதல் ஆகியவை காக்கப்பட வேண்டியவை. மதிய உணவு ஏற்பாடு, விமான டிக்கெட், விற்பனை விளம்பரம் ஆகியவை அப்படியல்ல. இந்த இரண்டும் ஒரே பெட்டியில் கலந்து கிடப்பதுதான் சிக்கலின் வேர். ஆவணங்கள் மடலில் வந்தாலும், அவை வாழ வேண்டிய இடம் மடல் பெட்டியன்று.

சிவகாசி நண்பர் சொன்ன தகராறு போன்றவற்றில், மடலை அச்சிட்டு வைத்திருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவைச் சான்றாக முன்வைக்கும்போது உரிய சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும்; அதில் அந்தக் கோப்பின் ஹேஷ் மதிப்பும், அதாவது கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் ஓர் அடையாள எண்ணும், இடம்பெறும். அச்சுத் தாளை மட்டும் வைத்து மூலக் கோப்பின் ஹேஷ் மதிப்பைக் கணக்கிட முடியாது. ஆகவே முக்கியமான ஒப்புதல் மடல்களைப் பிடிஎஃப் ஆக மாற்றுவதோடு நிறுத்தாமல், மூல மடல் கோப்பாகவே சேமித்து வையுங்கள்.

கணக்குப் பற்றி ஒன்று. டாலியில் 'தகவல் தொழில்நுட்பச் செலவு' என்று ஒரு குரூப்பை உருவாக்கி, அதன்கீழ் ஆண்டுச் சந்தா, பராமரிப்பு ஒப்பந்தம், பழுது, டோனர் போன்ற நுகர்பொருள் என நான்கு லெட்ஜர்களைத் திறங்கள். புதிய கணினியும் யுபிஎஸ்ஸும் நிலைச் சொத்து. அவற்றை இங்கே கலக்க வேண்டாம். மென்பொருள் சந்தாவுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. வாங்கும்போது உங்கள் ஜிஎஸ்டிஐஎன் எண்ணைக் கொடுத்தால்தான் உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உரிமை, கிடைக்கும். மேலாளர் தம் சொந்த அட்டையில் கட்டிவிட்டு ரசீதைக் கொண்டுவரும் பழக்கத்தால், சிறு நிறுவனங்கள் இந்தத் தொகையை ஆண்டுதோறும் இழக்கின்றன.

---

கோவை சிஸ்டம் நிர்வாகி

சிவகாசி நண்பரின் கருத்தை ஏற்கிறேன். தினசரித் துப்புரவை நானும் பரிந்துரைக்க மாட்டேன். நான் சொல்ல வந்தது, ஒரே கோப்பு நான்கு பெட்டியில் சேராமல் தடுப்பது. அதற்கு யாரும் எதையும் அழிக்க வேண்டியதில்லை. ஸ்டைல் எண்ணின் பெயரில் ஒரு பொதுக் கோப்புறை. டெக் பேக் வந்ததும் மெர்ச்சன்டைசர் அதை அங்கே சேமிக்கிறார். அலுவலகத்துக்குள் மற்றவர்களுக்குக் கோப்பை அனுப்பாமல் அதன் லிங்கை மட்டும் அனுப்புகிறார். லேபிள்காரருக்கும் லிங்க்தான் போகிறது. ஆர்ட்வொர்க் திருத்தப்பட்டால் பழையது 'ரத்து' என்ற உட்கோப்புறைக்குப் போய்விடும். உங்களுக்கு நேர்ந்த லேபிள் தவறு, மடல் வந்து சேர்ந்த நாள்களிலும் நேரக்கூடியதுதான்; எந்த ஆர்ட்வொர்க் கடைசி என்று எல்லாரும் ஒரே இடத்தில் பார்ப்பது அதைத் தடுக்கும்.

செலவுக் கணக்கு. எல்லாருக்கும் ஒரே அளவு இடம் தேவையில்லை. நான்கு மெர்ச்சன்டைசர்கள், ஏற்றுமதி ஆவணப் பிரிவின் இருவர், ஆக அறுவருக்குத்தான் 50 ஜிபி அளவில் பெரிய பெட்டி வேண்டும். மற்ற எட்டுப் பேருக்கு 5 அல்லது 10 ஜிபி தாராளம். ஜோஹோ மெயில் போன்ற சேவையில் ஒரே நிறுவனத்துக்குள் சிறிய திட்டத்தையும் பெரிய திட்டத்தையும் கலந்து வாங்கலாம். விலை அவ்வப்போது மாறும் என்பதால், கணக்குக்காக மட்டும் சிறியது மாதம் 60 ரூபாய், பெரியது 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முகவர் சொன்னபடி 19 பெட்டிகளுக்கும் பெரியது வாங்கினால் ஆண்டுக்கு 34,200 ரூபாய். ஆறு பெரியது 10,800, எட்டுச் சிறியது 5,760, பொது முகவரிகளுக்கு ஒன்றுமில்லை என்றால் 16,560 ரூபாய். மீதமாகும் 17,640 ரூபாயில் பிரதி எடுப்பதற்கான ஹார்ட் டிஸ்குகளை வாங்கிவிடலாம். அவற்றில் ஒன்று எப்போதும் அலுவலகத்துக்கு வெளியே இருக்க வேண்டும். அலுவலகத்தில் தீப்பிடித்தால் இரண்டும் சேர்ந்து போய்விடக் கூடாது.

மாறும்போது கவனிக்க வேண்டியவை: உங்கள் மடல்கள் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே, பழைய பதிவை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் மதிப்பைக் குறையுங்கள். உங்கள் பெயரில் மடல் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். பழையதை விட்டுவைத்துப் புதிதாக இன்னொன்றைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாமல் போகும், உங்கள் மடல்கள் வாடிக்கையாளரின் ஸ்பேமில் விழும். மடல் உங்களிடமிருந்தே வந்தது என்று காட்டும் டிகிம் கையொப்பத்தையும் அன்றே இயக்கிவிடுங்கள். பழைய சர்வரை மேலும் இரண்டு வாரம் வைத்திருந்து, தாமதமாக அங்கே வந்து சேரும் மடல்களைத் தினமும் பாருங்கள். எல்லாரையும் பாப் முறையிலிருந்து, மடல்களைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் முறைக்கு மாற்றுங்கள். அப்போதுதான் மெர்ச்சன்டைசரின் கணினி பழுதானாலும் மடல்கள் சர்வரில் பத்திரமாக இருக்கும். ஆனால் ஐமேப்பில் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் என்பதை ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே உட்கார்த்திச் சொல்லிவிடுங்கள்.

---

திருப்பூர் பின்னலாடை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாளில் செய்தவற்றை இங்கே பதிந்துவைக்கிறேன்.

47 ஜிபி கோப்பு நகலெடுக்கப்பட்டு, 2018 முதல் ஆண்டுவாரியாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. 14 நாள் டிக் பதினோரு கணினிகளில் எடுக்கப்பட்டிருந்தது. விசாரித்ததில், 2019-இல் ஒரு கணினியின் ஹார்ட் டிஸ்க் பழுதாகி மடல்கள் போனபோது, இனி எதுவும் போகக் கூடாது என்று எடுக்கச் சொன்னதே நான்தான் என்று தெரிந்தது. பிஎஸ்டிகளின் நகல் கையில் இருப்பதை உறுதிசெய்தபின் டிக்கை மீண்டும் போட்டோம். லேபிள் மடலைத் திருப்பி அனுப்பிய அந்தப் பெட்டி 5 ஜிபியிலிருந்து 640 எம்பிக்கு வந்துவிட்டது. லோகோவையும் சுருக்கிவிட்டோம்.

ஸ்டைல் கோப்புறைப் பழக்கத்துக்கு மெர்ச்சன்டைசர்கள் முதலில் தயங்கினார்கள். லேபிளைப் பிரித்துத் தைத்த அந்தத் திங்கட்கிழமையை அவர்கள் மறக்கவில்லை. அதனால் இப்போது நடப்பில் உள்ள ஒன்பது ஸ்டைல்களுக்கும் அவர்களே கோப்புறை திறந்துவிட்டார்கள். கணக்குப் பிரிவின் மூத்த பெண்மணி, வரி ஆலோசகர் ஐயா சொன்ன நான்கு லெட்ஜர்களையும் திறந்து, நடப்பு ஆண்டின் பதிவுகளை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். அலுவலகச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கணினிக்கே போயிருப்பதையும், அதில் பாதி திட்டமிடாத பழுதுச் செலவு என்பதையும் பார்த்தபின், பங்குதாரர் அடுத்த ஆண்டுக்கான தொகையை நான் கேட்கும் முன்பே எழுதிக் கேட்டிருக்கிறார்.

அறுவருக்குப் பெரிய பெட்டி, எட்டுப் பேருக்குச் சிறியது என்பதே முடிவு. தீபாவளி விடுமுறையில் தையல் தளமும் அலுவலகமும் மூடியிருக்கும் நாள்களில் எம்எக்ஸ் பதிவை மாற்றுவோம். அந்த நாள்களில் முக்கியமான எதையும் அனுப்ப வேண்டாம் என்றும், அவசரமானால் என் கைபேசிக்கு அழைக்கும்படியும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மாதம் முன்பே எழுதிவிடுகிறேன்.